செல்வியின் கடையில் ஆலங்கட்டி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், மழைக்கு ஒதுங்கி ஒரு டீக்கடையில் நிற்கிறேன். திடீரென்று சிமெண்ட் ஷீட் கூரை அதிர்கிறது. வாசலில் வெள்ளைக் கட்டிகள் விழுந்து துள்ளுகின்றன.

கடைக்காரப் பெண் செல்வி அடுப்பை அணைத்துவிட்டு, மக்காச்சோளம் அறுத்த கொல்லையையே பார்க்கிறாள். அவள் கணவர் அங்கே ஆடு மேய்க்கப் போயிருக்கிறார். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

ஒரு கட்டியை எடுக்கிறேன். சிறு உருண்டைகள் பல சேர்ந்து உறைந்து நெல்லிக்காய் அளவில் இருக்கிறது.

“இது எப்படிங்க சார் வானத்துல?” என்கிறாள்.

“மேகத்துக்குள்ள பனித்துகளைக் காத்து மேல மேல தூக்கிக்கிட்டே இருக்கும். அதுமேல தண்ணி உறைஞ்சு உறைஞ்சு கல்லாயிடும்.”

“அப்ப இன்னும் பெருசா வருமா?”

அடுத்த கட்டி கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுகிறது. இருவரும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறோம்.

சத்தம் அடங்கும்போது சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வந்து நிற்கிறது. ஆட்டுக்குட்டியை நெஞ்சோடு அணைத்தபடி செல்வியின் கணவர் இறங்குகிறார். நெற்றியில் ரத்தம் வழிகிறது.

“எல்லாத்தையும் வுட்டுட்டு ஓடியாந்திருக்கக் கூடாதா?” செல்வி அழுகிறாள்.

குட்டியைப் பிடித்த அவர் கை இறுகிப்போயிருக்கிறது. அவள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்கிறாள்.