கிளி ஓட்டினால் மாத்திரை

அடுத்த வீட்டுச் சண்டை என்றால் உங்களுக்குக் காபிகூட ஆறிப்போகும், இல்லையா? போன வாரம் இந்தப் பக்கத்தில் பேத்தியைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன்... என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஒரே நச்சரிப்பு. தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? சரி, கேளுங்கள்.

பேத்தி தர்ஷினி, எங்கள் மலைத் தினைக்காட்டில் பரண் மேல் நின்று கிளி ஓட்டியவள். அவள் கத்தினால் பக்கத்துக் காட்டுக் கிளியும் பறக்கும். பிறகு மகனும் மருமகளும் முட்டிக்கொண்டார்கள். மருமகள் பிள்ளையோடு அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இறங்கிவிட்டாள்.

அங்கே தினமும் காலையில் மொட்டை மாடியில் நின்று, வானத்தைப் பார்த்துக் கத்தினாள் பேத்தி. காடில்லை, கதிரில்லை - எதற்குக் கத்துகிறாள்? பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாராம் டாக்டர். மருமகள் எங்கள் வம்சத்தைக் கைகாட்டினாள். என் மகன் அவள் வம்சத்தைக் கைகாட்டினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் - பிள்ளைக்குப் பைத்தியம்!

பிள்ளையை யாரும் கேட்கவில்லை. மாத்திரை வந்தது. கத்தல் நின்றது. பேச்சும் நின்றது. வகுப்பில் வாயில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். 'இப்பத்தான் அடக்கமா இருக்கா' என்று இரு வீட்டிலும் திருப்தி.

பள்ளிக்கூடத்து டீச்சர் சத்தம் போட்ட பிறகுதான் வேறு டாக்டரம்மாவிடம் போனோம். அந்தம்மா பெற்றவர்களை வெளியே அனுப்பினார். துணைக்குப் போன நான் காது கேட்காது என்று நடித்தேன், உள்ளேயே இருக்க விட்டுவிட்டார்.

"மாடியில எதுக்குக் கண்ணு கத்துன?"

பேத்தி சொன்னாள்: "கிளியெல்லாம் மலைக்குப் போச்சுங்க. அங்க எங்கப்பா காட்டுல ஓட்டறதுக்கு ஆளில்லீங்க."

நடிப்பு மறந்து மூக்கைச் சிந்திவிட்டேன்.

மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். பெற்றவர்கள் சமாதானமா? அதெல்லாம் இல்லை. லீவுக்கு மட்டும் மலைக்கு அனுப்புகிறார்கள்.

இந்த லீவில் பரண் ஏறினாள். கதிரில் கிளி. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பத்தா... கத்தட்டுங்களா?"

கிளி ஓட்ட அனுமதி கேட்கிற பிள்ளையை இந்த மலை பார்த்திருக்குமா?

"கத்து சாமி."

முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் வந்தது பாருங்கள்...

விடியற்காலையிலேயே என்ன சத்தம் என்று அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள்.

"எங்க ஊட்டுப் புள்ள நல்லாத்தான் இருக்குதுங்க. காது வலிச்சா, நீங்க மாத்திரை போட்டுக்கங்க" என்றேன்.