கையைத் தூக்கினால் நிற்கும் ரயில்

லென்ஸின் முனையில் வெயில் மறைக்க மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தைத் திருகினாள். அது பிஸ்கட் போல முறிந்து கையோடு வந்தது. மைனஸ் இருபத்தெட்டு டிகிரி குளிர். கிஸ்லேன் துண்டுகளைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு, அக்குளில் சூடாக வைத்திருந்த பேட்டரியை எடுத்துக் கேமராவில் செருகினாள். ரயில் வரக் கால் மணி நேரம் இருந்தது, நேரத்துக்கு வந்தால்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. மரம் அறுக்கும் ஆலையின் கேன்டீனில் சமையல். ஆண்டு விடுமுறைக்கு மற்றவர்கள் புளோரிடா போனார்கள். அவள் தண்டவாள ஓரங்களுக்குப் போனாள். வசந்தத்தில் கனடாவின் கிழக்கே நியூ பிரன்ஸ்விக், ஆற்று வெள்ளம் கரையை முட்டி நின்றபோது. கோடையில் சஸ்காட்சுவனின் மஞ்சள் வயல்கள். இலையுதிர்காலத்தில் ராக்கி மலைகள். பயணிகள் ரயில் மட்டும்தான். சரக்கு ரயில் வந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் காபி குடிப்பாள்.

நகர நூலகத்தில் நான்கு படம் மாட்டச் சுவர் கொடுத்திருந்தார்கள், பருவத்துக்கு ஒன்று. முப்பது வருடத்தில் அவள் படம் வீட்டுச் சுவரைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. மனசுக்குப் பிடித்த குளிர்காலப் படம் மட்டும் அவளிடம் இல்லை. அதற்குச் சொந்த ஊர் ரயில் என்று முடிவு செய்திருந்தாள். இரண்டே பெட்டி, வாரத்துக்கு மூன்று நாள். இந்த வளைவில் வேகமாகத் திரும்பும்போது இரண்டு பக்கமும் பனியைச் சிறகாக வாரி அடிக்கும். வெள்ளிக்கிழமை படங்களை அனுப்பியாக வேண்டும். இன்று வியாழன். நாளை குளிர் சட்டென்று உடைந்து மழை பெய்யும் என்று வானொலி சொல்லிவிட்டது.

ஊதல் கேட்டது. ரயில் வளைவுக்குள் நுழைந்தது, சிறகுகளோடு. அதே சமயம் ஊசியிலை மரங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் நேராக லென்ஸுக்குள் பாய்ந்தது. எல்லாம் வெளுத்துப் போயிற்று. வளையம் இல்லை. இடது கையை உயர்த்தி நிழல் பிடித்தாள்.

பிரேக் கிறீச்சிட்டபோதுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

இந்தத் தடத்தில் காட்டுக்குள் எங்கே நின்று கை தூக்கினாலும் ரயில் நிற்கும். விலங்குகளுக்குப் பொறி வைக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் மளிகைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் ஏறினார்கள். இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

சிறகுகள் தாழ்ந்து அடங்கின. ரயில் அவளுக்கு முப்பது அடி முன்னால் வந்து நின்றது. கார்டு ரொசேர் கதவைத் திறந்தான். ஆலையில் இருந்த காலத்தில் அவள் சமையலைச் சாப்பிட்டவன்.

"என்ன கிஸ்லேன், எங்க போகணும்?"

"எங்கயும் போகல. நீங்க போய்த் தொலைங்க!"

"போகலன்னா எதுக்குக் கையத் தூக்குன?"

"வெயிலுக்குடா!"

"வெயிலுக்குத் தொப்பி போடுவாங்க. ரயில நிறுத்துவாங்களா?"

ஓட்டுநர் வெண்டல் ஜன்னலில் தலையை நீட்டினான். "இத்தன வருஷமா தூரத்துலயே நின்னு பார்த்தியே, இப்பதான் ஆசை வந்துச்சா?"

"வெண்டல், கொஞ்சம் பின்னால போயிட்டு வேகமா வாயேன்."

"பின்னால எடுக்கணும்னா கட்டுப்பாட்டு அறைல கேக்கணும். என்ன காரணம் சொல்றது?"

"என் பேரச் சொல்லு."

உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. வெண்டல் சிரிக்கவில்லை. "சரக்கு வண்டி பின்னாலயே வருது, கிஸ்லேன். முடியாது."

"லைப்ரரிப் படத்துக்கா?" என்றான் ரொசேர். தலையசைத்தாள். அவன் கதவிலிருந்து விலகி வழிவிட்டான். "ஏறிக்கோ. ஏரிப் பக்கம் இன்னொரு வளைவு இருக்கே. அங்க இறக்கி விடுறேன்."

"நின்னுதானே இறக்குவ? நின்னு கிளம்புற வண்டிக்குப் பனி எங்கடா பறக்கும்?"

விஷயம் உள்ளே பரவிவிட்டது போல. பயணிகள் எல்லாரும் அவள் பக்கத்து ஜன்னல்களுக்கு வந்தார்கள். ஒருவர் குல்லாயைக் கழற்றித் தலைமுடியைப் படிய வைத்தார். ஒரு பெண் நாயைத் தூக்கிக் கண்ணாடியருகே காட்டினாள். கிஸ்லேனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவளால் மறுக்க முடியவில்லை. பதினொரு படம் எடுத்தாள்.

"மன்னிச்சுக்கோ" என்றான் ரொசேர்.

"நீ ஏன்டா? உன் வேலையத்தான செஞ்ச."

ரயில் நடை வேகத்தில் அவளைக் கடந்து போயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மழை தொடங்கியது. கிஸ்லேன் கேன்டீனில் நாற்பது பேருக்குப் பட்டாணி சூப் வைத்தாள். இடைவேளையில் நூலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். வேறு குளிர்காலப் படம் இல்லையா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் ரயில் ஓடவில்லை, நிற்கிறது என்றாள் கிஸ்லேன். மூன்றையே மாட்டிக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. மூன்று படங்களைக் கட்டி மதியக் கூரியரில் அனுப்பினாள். ஜன்னல் படத்தை ரொசேரின் கைபேசிக்கு அனுப்பி வைத்தாள். மாலைக்குள் கிளைகளில் இருந்த பனி முழுக்க விழுந்துவிட்டது.