ரோஜா இலையில் பவுடர்

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆட்டோ ஓட்டுகிறேன். செடியைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்டால், ஒரு செடியைக் கெடுத்தவன் என்பதுதான் என் பதில். பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஓர் அப்பா இருக்கலாம். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும்தான் எங்கள் வீடு. மொட்டை மாடியில் என் மகள் பன்னீர் ரோஜா வைத்திருந்தாள். அப்போது ஆறாவது படித்தாள். பழைய பெயிண்ட் வாளிதான் தொட்டி. பள்ளிக்கூடம் கிளம்பும் முன் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். பூத்த நாளில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்ப்பாள்.

சித்திரை வெயிலில் இலைகளின் ஓரம் கருகியது. எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு அடித்த பிளெக்ஸ் பேனர் ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கொண்டுவந்து தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே, செடிக்கு மேலே இழுத்துக் கட்டினேன். கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன் படம் செடியைப் பார்த்துச் சிரித்தது.

"உன் செடிக்கு மாமாவே குடை புடிக்கிறாரு பாரு" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வெயில் காலம் போனது. மழை வந்தது, அதுவும் போனது. பேனரை நான் அவிழ்க்கவில்லை.

"பா, செடி இருட்டுல கீது பா. கழட்டிடேன்" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"இருக்கட்டும். அடுத்த வெயிலுக்கு மறுபடி யாரு கட்டுறது?" என்றேன். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணி காயப்போட மேலே போனேன். இலையெல்லாம் வெள்ளை. கொழுந்துகள் சுருண்டு கிடந்தன. முகத்துக்குப் போடும் பவுடரைக் கொட்டியது போலவே இருந்தது. மகளை மேலே கூப்பிட்டேன்.

"இன்னா இது? செடிக்கு மேக்கப் போட்டியா?"

"நான் போடல பா."

"பின்ன யாரு, பேனர்லேர்ந்து மாமா எறங்கி வந்து போட்டாரா?"

"அந்தக் கிளையப் பாரு பா. பேனருக்கு வெளிய நீட்டிக்கினு கீதே, அதுல ஒண்ணுமே இல்ல. நான் போட்டிருந்தா அதுலயும்தான போட்டிருப்பேன்?"

நான் பார்க்கவில்லை. "செய்யறதையும் செஞ்சிட்டு பொய் வேற பேசுறியா?" என்று கத்தினேன். பக்கத்து மாடிகளில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, மந்தைவெளியில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் செடி விற்கிறவரைப் பார்த்தேன். பவுடர் பட்ட செடி பிழைக்குமா என்று கேட்கப் பறித்து வைத்திருந்த இலையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"பவுடர் இல்ல நைனா, பூஞ்சை" என்றார். "செடி எங்க கீது?"

பேனர் கதையைச் சொன்னேன்.

"அதான். இதுக்கு மழை கூட வேணாம். நெழலு, பனி, காத்து போவாத எடம், இது போதும், குடும்பமே நடத்தும். நல்லா வெயில் பட்டா அடங்கிடும். வெயிலுக்கு மூடுன, சரி. பனிக்காலத்துலயும் யாராச்சும் குடை புடிப்பாங்களா?"

நேராக மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு கிளை மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. பதினொரு வயதுப் பெண் கண்டுபிடித்துச் சொன்னது. கண் எதிரே இருந்தும் நான் திரும்பிப் பார்க்காதது.

பேனரை அவிழ்த்தேன். கெட்ட கிளைகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். சாப்பிடும்போது மகளிடம், "அது பூஞ்சையாம்மா, பவுடர் இல்லையாம்" என்றேன். "சரி பா" என்றாள். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நான் தப்பாப் பேசிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெயில் பட்டதும் செடி தழைத்துவிட்டது. பங்குனியில் இரண்டு பூ. யாரும் பறிக்கவில்லை.

"பறிச்சி வச்சிக்கோம்மா" என்றேன்.

அவள் தலை வாரிக்கொண்டே சொன்னாள்: "வேணாம் பா. நான் தொட்டு, நாளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னத்தான் கேப்ப."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பூ மூன்று நாள் இருந்து வாளிக்குள்ளேயே உதிர்ந்தது.

இப்போது அவள் பத்தாவது படிக்கிறாள். தண்ணீர் ஊற்றுவது நான்தான், காலையில், அதே சொம்பில். நான் எழுதினால் பிழை நிறைய வரும். திருத்தித் தர அவளை விட்டால் எனக்கு ஆள் கிடையாது. சொல்லாமல் விட்டதை அவளே படிக்கட்டும் என்று இந்தத் தாளை அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன்.