அப்பா தட்டிப் பார்த்த நடைபாலம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அட்டையில் அப்பாவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் அசையாமல் இருப்பது அதில் மட்டும்தான். "உங்கப்பா உக்காந்த நாற்காலி சூடே ஏறாது" என்பார் அம்மா.

அப்பா பிறந்தது பெருமாட்டியில், தென்னந்தோப்புக் குடும்பத்தில். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் சேர்ந்தார். கண்ணாடி இழைப் பாயை விரித்து, பிசின் பூசி, உருளையால் காற்றை வெளியேற்றி, அடுக்குமேல் அடுக்காக ஏற்றும் வேலை. இழை குத்திக் கையெல்லாம் அரிக்கும். பிறகு ஊர் திரும்பி, தோப்புக்குள்ளேயே சொந்தமாகக் கொட்டகை போட்டார்.

மேற்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறை. அங்கே இரும்பு நடைபாலம் உப்புக் காற்றில் இற்றுப்போயிருந்தது. அதை ஃபைபர் பலகை போட்டு மாற்றும் வேலை அப்பாவுக்கு வந்தது. "தென்னைக்குத் தண்ணி பாச்சறவனுக்குக் கடல்ல என்னடா சோலி?" என்று பெரியப்பா கேட்டார். "உப்பு இரும்பத் தின்னுருங்ண்ணா. இதக் கடிச்சா அதுக்குப் பல்லுப் போயிரும்" என்றார் அப்பா. பெரியப்பாவே இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அங்கேதான் அப்பா ஒரு தவறு செய்தார். அவரே யாரிடமும் ஒளிக்காததால் இங்கே எழுதுகிறேன். திறப்பு நாள் நெருங்கிவிட்டதென்று கடைசிச் சில பலகைகளைக் கரையிலேயே வைத்துச் செய்தார்கள். தூறல் விட்டதும் துணியால் துடைத்துவிட்டு அடுத்த அடுக்கை ஏற்றினார். எங்கள் ஊர்க் காற்றில் துடைத்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். கடலோரத்தில் துடைத்தாலும் ஈரம் போகாது. ஈரத்தின்மேல் பிசின் சரியாக ஒட்டாது. பாலத்தில் மீன் கூடைகளோடு பெண்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. எந்தெந்தப் பலகை என்று அடையாளமும் வைக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் போய்விடுவார். ஒரு ரூபாய்க் காசால் பலகை பலகையாகத் தட்டுவார். நல்ல பலகை கணீரென்னும். உள்ளே அடுக்கு ஒட்டாமல் விட்டிருந்தால் பொத்தென்னும். ஆண்டுதோறும் எல்லாம் கணீர்தான். ஆனாலும் நிம்மதியில்லை. பாலத்துக்குச் சளி பார்க்க வைத்தியர் வந்துவிட்டார் என்று அங்கே மீன் விற்கும் அக்கா ஒருவர் கேலி செய்வாராம். அதை வீட்டில் சொல்லிச் சிரிக்கும்போதே, அவர் கை தன்னால் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பார்க்கும்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த வருடம், மழை விட்டதும் அப்பா ஜன்னலையே பார்த்துக் கிடந்தார். மருந்தும் வேண்டாம், சோறும் வேண்டாம். கடைசியில் நான் போனேன். பாலத்தில் நின்று போன் போட்டேன்.

"காசு வெச்சிருக்கியா அம்மிணி?"

"இருக்குதுங்கப்பா."

"தட்டு. போனக் கீழ புடி."

தட்டிக்கொண்டே போனேன். பாதி தாண்டியபோது ஒரு பலகை பொத்தென்றது. படுத்திருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவருக்குக் கேட்டிருக்காது என்று அடுத்த பலகையைத் தட்டினேன்.

"திரும்பி வா" என்றார். "அத ஏன் தாண்டுன?"

திரும்பி அந்தப் பலகைக்கே வந்தேன்.

"பொய் சொல்லி என்னையத் தூங்க வெக்காத அம்மிணி. அதுமேல ஆரும் கால் வெக்கப்படாது. கயிறு கட்டு."

கட்டினேன். கொட்டகை ஆட்கள் இங்கே பெருமாட்டி வெயிலில் புதுப் பலகை செய்து, கொண்டுபோய்த் துருப்பிடிக்காத போல்ட்டால் முடுக்கினார்கள். மறுபடி போன் போட்டுத் தட்டினேன். கணீரென்றது. அப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"செரி. அடுத்தது?"

கடைசிப் பலகை வரை தட்டினேன். அன்று மத்தியானம் அம்மா கையால் ரசஞ்சோறு சாப்பிட்டார். நான்காம் நாள் போய்விட்டார்.

கொட்டகைத் தொழிலாளர்கள், பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்கள், இரவெல்லாம் துணையிருந்த பெரியப்பா, கயிறு கட்டிய நாள்களில் கூடையோடு முணுமுணுத்துக்கொண்டே சுற்றிப் போன அந்தப் பெண்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

இந்த வருடமும் மழை விட்டுவிட்டது. திதிக்கு வந்த அனைவரும் இருந்து சாப்பிட்டுப் போங்கள். பந்தியில் என்னைத் தேட வேண்டாம். அந்த ஒரு ரூபாய்க் காசு என்னிடம்தான் இருக்கிறது.