பந்தயக் கடையில் வேலை செய்த டீச்சர்

தொண்ணூறுகளின் கடைசியில், புலம்பெயர்ந்து வந்த ஊரான ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பந்தயக் கடையில் கவுண்டரில் இருந்தேன். குதிரை, ரக்பி, கிரிக்கெட், எதன்மேல் பணம் கட்டினாலும் சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தேன்.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் பள்ளி நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டது. ஐந்து ஆண்கள். சூது குடும்பங்களை அழிக்கிறது என்று தலைவர் நெடுநேரம் பேசினார். அது பொய்யில்லை. கடைசி ஓட்டம் முடிந்தபின் கவுண்டருக்கு முன்னால் நிற்கும் முகங்களை அவரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் கொழும்பில் களவாகப் பந்தயம் நடத்தியவர்கள், வென்ற காசைக் கேட்ட என் அண்ணனின் கையை முறித்ததையும் பார்த்தவள் நான். களவுப் பந்தயம் கட்டியதும் குற்றம் என்பதால் பொலிசுக்குக்கூடப் போக முடியவில்லை. இங்கே ஏமாற்றினால் முறையிட இடமுண்டு. இந்தச் சம்பளத்தில்தான் தனியாளாக இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தேன்.

ஐவரில் ஒருவர் மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருபவர். இரண்டு மாதம் முன்பு அவர் மனைவி கவுண்டருக்கே வந்து, அவருக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சியிருந்தார். பந்தயம் கட்டுபவரே தடைப் படிவத்தில் கையெழுத்திட்டால்தான் தடுக்கலாம் என்பது கடை விதி. அதனால் அவர் வரிசையில் வரும்போதெல்லாம் என் கவுண்டரில் ‘மூடியுள்ளது’ பலகையை வைத்தேன். அவர் பக்கத்துக் கவுண்டருக்குப் போவார். மேனேஜர் இரண்டு தடவை எச்சரித்தும் நான் நிறுத்தவில்லை.

“டீச்சர், ஒண்டில் அந்த வேலையை விடுங்கோ, இல்லாட்டி வகுப்பை விடுங்கோ,” என்றார் தலைவர்.

“ரெண்டையும் விடமாட்டன். நிப்பாட்டிறதெண்டால் காரணத்தை எழுதித் தாங்கோ.”

அந்த மனிதரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாரும் எழுதித் தரவுமில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மிச்சப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அந்த மனிதர் கடைக்கு வந்தார். பலகையை வைத்தேன். அவர் நகரவில்லை.

“அண்டைக்கு ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?”

“அது உங்கட வீட்டுக் கதை. நான் என்ர வேலையைப் பற்றித்தான் கதைச்சனான்.”

தடைப் படிவத்தைக் கேட்டார். கையெழுத்திட்டார். அது இந்தக் கடைக்கு மட்டும்தான் செல்லும், மற்றக் கடைகளிலும் அவரே போய் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். போனாரோ தெரியாது. பலகையை எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.