தலைமாட்டில் ஓர் இடம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான் இன்று டவுணில் மூன்று பாத்திரக்கடைகளுக்கு முதலாளி. நேற்று ரதவீதியில் என் கடைக்கு எதிரே ஒரு பெண், ஆற்று நீரில் நனைத்த கோரைப்பாயில் பிணமாகப் படுத்திருந்தாள். ஆற்றில் சாக்கடை விடுவதைக் கண்டித்து வீதி நாடகமாம். அந்த ஈரக்கோரை வாசனை என்னை எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு, பத்தமடைக் கடைத்தெருவில் அப்பாவும் இப்படித்தான் படுத்தார். அவரே நெய்த, ஈரம் காயாத பாயில், நெற்றியில் காசு ஒட்டிக்கொண்டு, தாகத்தில் செத்தவராக நடித்தார். மகனான நான் தலைமாட்டில் உட்கார்ந்து அழவேண்டும். கூடப் படித்தவன் ஒருவன் சிரித்தான்.

"ஏலே, பொணம் மூச்சு விடுது! அது ஒங்கப்பன்தான?"

"எங்கப்பா இல்லலே" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் அப்பா நெற்றிக் காசைக்கூட எடுக்காமல் தனியாக வந்தார். "அழ ஆளில்லன்னா பொணம்னு எவன்டே நம்புவான்?" என்றார். அவ்வளவுதான். குழாய் வரவில்லை.

இன்று என் வீட்டில் பத்து அறைகள். இருப்பவன் நான் ஒருவன். நேற்று கடையை விட்டு இறங்கிப் போய் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"தாத்தா, இது நாடகம்."

"தெரியும் தாயி. நீ பைய கண்ண மூடு."

அழுகை தானாகவே வந்தது.