இருபத்தாறு கார்டுகள்

என் பற்களைப் பற்றி என் அண்ணிக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது. ஆறு மாதம் தினமும் சாயங்காலம் என்னைப் பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்து, டார்ச் அடித்துப் பாடம் படித்தவர் அவர். "கீழ் வரிசையில ரெண்டு ஓட்டை. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை" என்று வீடே கேட்கும்படி சொல்வார். அண்ணன் கெட்டிக்காரர். டார்ச்சைக் கண்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் பதினொரு வருடம் அண்ணிக்குத் துப்புரவு வேலை. தரை துடைப்பது, எச்சில் தொட்டி கழுவுவது, கருவிகளைக் கொதிக்கவைத்து எடுப்பது. எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பல் டாக்டர். அவரும் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். அன்றைக்கு வரிசை சைக்கிள் நிறுத்துமிடம் வரை நீளும். பாதிப் பேர் பிடுங்குவதற்கென்றே வந்தவர்கள். யாராவது முன்கூட்டியே பார்த்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

டாக்டர்கள் கிடைக்காததால், இருக்கிற ஆட்களையே பழக்குவது என்று சுகாதாரத் துறை முடிவு செய்தது. பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி. பிறகு பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்க்க வேண்டும். சின்னச் சொத்தையை மெஷின் இல்லாமல் கைக்கருவியாலேயே சுரண்டி அடைக்க வேண்டும். பிடுங்க வேண்டியதைக் கார்டில் எழுதி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அண்ணி பேர் கொடுத்தபோது வார்டே சிரித்தது. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

டாக்டரம்மாவுக்கு அண்ணியைவிடப் பத்து வயது குறைவு. கோபம் மட்டும் மூக்குக்கு மேலே. "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி மூணு மாசம் பார்ப்பேன். ஒரு கார்டு தப்பா வந்தாலும் உங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க பழையபடி துடைப்பத்தை எடுத்துக்கலாம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அண்ணி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் வாயைத் திறக்கவைத்தார்.

மூன்று மாதம் முடிய ஒரு நாள் பாக்கி. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சன்னலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டார் அண்ணி. முன்னால் நின்றால் வெளிச்சத்தை மறைக்கும் என்று பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, தலையைத் தன் வயிற்றில் சாய்த்துக்கொண்டு பார்த்தார். இருபத்தாறு பிள்ளைகள். கார்டுகளை டீச்சர் அன்றே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்.

மறுநாள் காலை அண்ணி தன் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். "வலது பக்கம் சாய்டி" என்றார். குழந்தை சாய்ந்தது. அண்ணியின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"என்ன அண்ணி?"

"இவளோட வலது, என்னோட வலது. ஒரே பக்கம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எதிர்ல நின்னா அவங்க வலது நம்ம இடது பக்கம் வரும். மாத்தி எழுதணும். அப்படியே பழகிட்டேன். நேத்து பின்னால நின்னும் மாத்தி எழுதித் தொலைச்சிருக்கேன். மத்தியானக் கார்டு பூராவும் தப்பு! மூணு பிள்ளைங்களுக்கு இன்னைக்குப் பல்லு எடுக்கறாங்க. வண்டியை எடு!"

போன் போட்டால் டாக்டரம்மா எடுக்கவில்லை. பாதிப் பின்னலோடு குழந்தையை அண்ணனிடம் விட்டுவிட்டு வண்டியில் ஏறினார். வழியெல்லாம் என் தோளை உலுக்கிக்கொண்டே வந்தார். "நல்ல பல்லைப் பிடுங்கிட்டா முளைக்காதுடா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். வேலை போய்விடுமே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நான்தான் நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

உள்ளே நாற்காலியில் ஒரு சிறுமி. வரிசையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அண்ணி மூச்சிரைக்கச் சொன்னார்: "நிறுத்துங்கம்மா. நேத்து மத்தியானம் எழுதின இருபத்தாறு கார்டும் இடம் வலம் மாறிப்போச்சு. தப்பு என்னோடது."

டாக்டரம்மா கையில் இன்னும் வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடிதான் இருந்தது. ஊசியே போடவில்லை. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"இந்தப் பொண்ணோட கார்டு தப்புன்னு நானே பார்த்துட்டேன். எடுக்கச் சொல்லி எழுதியிருக்கற பல்லு முத்து மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா. அடுத்த கார்டை எடுத்துப் பக்கத்தில் இருந்த பையனின் வாயைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இவனுக்கு ரெண்டு பக்கமும் சொத்தை. ஒண்ணு அடைக்கணும், ஒண்ணு எடுக்கணும். நீங்க வரலேன்னா கார்டை நம்பி, அடைக்க வேண்டியதைத்தான் எடுத்திருப்பேன்."

இருபத்தாறையும் அங்கேயே உட்கார்ந்து அண்ணி திருத்தினார். எந்தப் பக்கம் நின்று பார்த்தது என்பதைக் கார்டின் தலையில் எழுத ஒரு கட்டமும் போட்டார். வரிசை தீர மத்தியானம் ஆனது. பிறகு டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து அண்ணியின் சான்றிதழை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அண்ணி அதை வாங்கிக்கொண்டு அழுதார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அழுது முடிச்சாச்சா?" என்று கேட்ட டாக்டரம்மா, கதவைச் சாத்திவிட்டு நோயாளி நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். "ரெண்டு மாசமா ஒரு பல்லு உயிரை எடுக்குது. யார்கிட்ட காட்டறது? இந்தப் பக்கத்துக்கே நான் ஒருத்திதானே இருந்தேன்."

அண்ணி கண்ணைத் துடைத்து, கை கழுவி, கையுறை மாட்டினார்.

"முன்னால நிக்கட்டுமா, பின்னால நிக்கட்டுமா டாக்டர்?"

"முன்னாலயே நில்லுங்க தாயே" என்று டாக்டரம்மா வாயைத் திறந்தார்.